ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்

போன வாரம் பெரம்பலூரில் இருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். யாரோ சின்ன வெங்காய மூட்டை ஒன்றை என் காலடியில் தள்ளிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒரே போனை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு ஏதோ வேலைக்கான தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. “ஏய், முப்பது செகண்டுதான்டி இருக்கு, போடு போடு” என்றாள் ஒருத்தி. மற்றவள் யோசிக்காமல் எதையோ தொட்டாள். அந்த அவசரமும் வெங்காய வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்குப் பூங்கொடி ஞாபகம் வராமல் இருக்காது.

பூங்கொடி என்னோடு பெரம்பலூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஊர் அரும்பாவூர்ப் பக்கம். காலையில் வெங்காயம் ஆய்ந்து, காய்ந்த தாளை உதறி, மூட்டை கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரல்களில் அந்த வாசனை போகாது. ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியைத் திறந்தால்கூட எனக்கு முதலில் பூங்கொடி வாசனைதான் தெரியும். நான் எறையூர்ப் பக்கம். அப்பா ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. என்று சொன்னால் அம்மாவைத் தவிர யாருக்கும் முழுதாகச் சொல்ல வராது. அம்மாவுக்கு அதை நாளைக்கு நான்கு பேரிடமாவது சொல்லியாக வேண்டும்.

படிப்பு முடிந்த வைகாசியில் பூங்கொடிதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். சுண்ணாம்புக்கல்லையும் சிமெண்ட்டையும் சோதித்துப் பார்க்கிற வேலை. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார். “மொதல்ல ஒரு டெஸ்ட்டு வைப்பாங்களாம்டி. அறுபது நிமிஷம், அறுபது கேள்வி. கெமிஸ்ட்ரியே கெடையாதாம். பூரா கணக்கும் மூளைய கசக்குற கேள்வியுமாம்” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து வருஷம் வேதியியல் படித்துவிட்டு, எதிரெதிராக ஓடும் ரயில்கள் எப்போது சந்திக்கும் என்று சொன்னால்தான் சுண்ணாம்புக்கல்லைத் தொட விடுவார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். கணக்கு எனக்கு: வேலையும் நாளும், ரயில், தண்ணீர்த் தொட்டி, கடிகார முள். மற்றது அவளுக்கு: வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார், யாருக்கு யார் என்ன உறவு, அடுத்து வரும் எண் எது. அவரவர் பங்கைப் படித்து மற்றவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரம்பலூர் நூலகத்தின் மாடியில் ஒரு வாசிப்பறை இருந்தது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் செருமும். வயதான நூலகர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே சுருதியில் குறட்டை விடுவார். அங்கே ஜன்னலோர மேசை எங்களுடையது.

எங்கள் வீட்டு அலாரக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக் கொண்டுபோவேன். ஒரு நாள் அது பஸ்ஸிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர், “யார்ம்மா அது, பையில என்னம்மா வச்சிருக்க?” என்று கத்த, மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. நான் துண்டைப் பிரித்து அதன் தலையில் அடிப்பதற்குள் நான்கு ரோடு ஸ்டாப் வந்துவிட்டது. பூங்கொடியிடம் சொன்னபோது மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

ஒரு வேலையை ஒருவன் பன்னிரண்டு நாளில் முடிப்பான், இன்னொருவன் பதினெட்டு நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வரும். பின்னத்தைக் கண்டாலே அவளுக்குப் பயம். “முப்பத்தாறு பாத்திக் கரும்புன்னு வச்சுக்க. எங்கப்பா நாளைக்கு மூணு பாத்தி வெட்டுவாரு, சித்தப்பா ரெண்டு பாத்தி. சேந்தா அஞ்சு. முப்பத்தாற அஞ்சால வகுத்துக்க” என்றேன். ஏழு நாளும் கொஞ்சமும். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் கல்லூரியில் ஒரு நாளும் பார்த்ததில்லை. “இவ்ளோதானாடி?” என்றாள்.

உறவுக் கணக்கில் நான் மண்டு. எங்கள் பெரியக்காவைத் தாய்மாமனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அம்மாவின் தம்பிக்கு நான் என்ன வேண்டும் என்று கேட்டால் எனக்கு இரண்டு விடை வரும், இரண்டும் சரியாக இருக்கும். பூங்கொடி பென்சிலால் என் தலையில் தட்டுவாள். “உங்க வூட்ட மறந்துட்டுப் போடுடி. இதுல ஒருத்தருக்கு ஒரே மொறதான்.”

ஆனி மாதம் ஒரு தனியார் பள்ளியில் இருந்து ஆசிரியை வேலைக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்கள். போகலாமா என்று அவளிடம் கேட்டேன். “அங்க போனா படிக்க நேரமிருக்குமா? ரெண்டு பேரும் ஒண்ணா லேப்ல ஒக்காந்திருப்போம்டி, பாரு” என்றாள். நான் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

புரட்டாசிக் கடைசியில் தேர்வு. பெரம்பலூரில் ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. அதற்கு முந்தின நாள் வாசிப்பறையில் இருந்து இறங்கும்போது, மாடிப்படியில் நின்று பூங்கொடி சொன்னாள்: “மச்சான விசாரிச்சேன்டி. தப்புக்கு மார்க்கு கொறைக்க மாட்டாங்களாம். தெரியலன்னா சும்மா விட்றாத, ஏதாவது ஒண்ண அடிச்சிரு. மொத பக்கத்துல பொடி எழுத்துல என்னென்னமோ போட்டிருப்பான், அத படிச்சிட்டு ஒரு நிமிஷத்த வீணாக்காத.”

நான் தலையாட்டினேன். அவள் சொல்லி நான் எதைச் சரிபார்த்திருக்கிறேன்?

கேள்வித்தாளை வாங்கியதும் முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். முதல் நாற்பது நிமிடம் நன்றாகவே ஓடியது. வட்ட மேசைக் கேள்வி ஐந்து வந்தது, ஐந்தையும் போட்டேன். பூங்கொடி சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது. கடைசியில் பதினேழு கேள்விகள் மிச்சம். கண்காணிப்பாளர் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றார். பதினேழுக்கும் விடைத்தாளில் ஏதோ ஒரு வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கினேன். வெளியே வரும்போது ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு.

பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்தோம். எங்களோடு தேர்வெழுதிய துறையூர்ப் பெண் ஒருத்தியும் கூட வந்திருந்தாள். “கடசி பதினேழு கேள்விய கண்ண மூடிட்டு அடிச்சேன்டி. நீ?” என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

“நான் கொஞ்சம் விட்டுட்டேன்” என்றாள், டம்ளரைப் பார்த்தபடி.

“ஏன்டி விட்ட?”

துறையூர்ப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். “என்னங்க, பதினேழயும் அடிச்சிட்டீங்களா? ஒரு தப்புக்கு அர மார்க்கு போயிருமே. மொத பக்கத்துலயே போட்டிருந்துச்சே, பாக்கலையா?”

நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “பஸ்ஸு வந்துருச்சு, நான் வரேன்” என்று கிளம்பிவிட்டாள். பாதி டம்ளர் சாறு அப்படியே இருந்தது. அரும்பாவூர் பஸ் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவள் ஏறியது வேறு ஏதோ பஸ்.

அப்போதும் நான் நம்பவில்லை. அவள் மச்சான் தவறாகச் சொல்லியிருப்பார், இவள் வெட்கப்பட்டுக்கொண்டு போகிறாள் என்றே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் வாசிப்பறைக்குப் போய் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வரவில்லை. பூங்கொடிக்கு வேலை கிடைத்த செய்தி கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளர் மூலமாகத்தான் என் காதுக்கு வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன்.

களத்தில் வெங்காயம் பரப்பியிருந்தது. பூங்கொடி நடுவில் குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். ஆனால் வா என்று சொல்லவில்லை. அவள் அம்மாதான், “வாம்மா, வூட்டுக்குள்ள வா” என்று கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

“தெரிஞ்சுதான் சொன்னியா?” என்றேன்.

வெங்காயத் தாளை உதறிக்கொண்டே சொன்னாள்: “லேப்புக்கு ஒரே ஒரு பொண்ணதான்டி எடுப்பாங்களாம். ஒரே எடம். மச்சான் மொதல்லயே சொல்லிட்டாரு.”

“மொதல்லன்னா எப்ப?”

“ஆடியில.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நீ வராம இருப்பியா? கணக்குல நீ எங்க, நான் எங்க?” அவள் குரல் உடைந்தது. “அப்பா படுத்து எட்டு மாசமாச்சு. எங்க வூட்டுல என்னைய விட்டா யாருடி இருக்கா?”

எங்கள் வீட்டிலும் என்னை விட்டால் யாரும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவள் அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “போயிட்டு வரேம்மா” என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். “பொடி நடயா போவாத கண்ணு, இப்ப பஸ்ஸு வந்துரும்” என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆடிக்குப் பிறகும் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் தப்பில்லை. வட்ட மேசை, உறவு, எண் வரிசை எல்லாமே சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். மாடிப்படியில் நின்று சொன்ன அந்த ஒன்றுதான் பொய். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆவணியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஒரே குடைக்குள் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தபோது தன் பங்குக் குடையையும் என் பக்கம் சாய்த்துவிட்டு நனைந்தாளே, அப்போது அவள் மனதில் என்ன இருந்தது? கண்டக்டர் கதைக்குச் சிரித்தது ஆடிக்கு முன்னாலா, பின்னாலா? ஆனியில் பள்ளிக்குப் போகாதே என்று சொன்னதையாவது மனதாரச் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளையும் இப்படி எடுத்து மாதம் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நல்ல ஞாபகம் என்று ஒன்றைக்கூட நிம்மதியாக எடுக்க முடியவில்லை.

அந்தப் பதினேழும் இல்லாவிட்டால் நான் தேறியிருப்பேனா? அதுவும் தெரியாது. யார் எத்தனை மார்க் என்று அவர்கள் வெளியில் சொல்லவில்லை. ஒருவேளை அவள் நேர்மையாகவே என்னை முந்தியிருக்கலாம். நேராகத் தோற்றிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு, அவளுக்குச் சேலை எடுத்துக்கொடுத்து, முதல் நாள் ஆலை வாசல் வரை நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். அந்தத் தோல்வியைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

பள்ளிக்காரர்கள் அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அரியலூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் வேதியியல் எடுக்கிறேன். பூங்கொடி நான்கைந்து வருஷத்தில் கல்யாணமாகி, அந்த வேலையை விட்டுவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. போன வருஷம் எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்து ஒரு குரல் செய்தி அனுப்பினாள். “எம்பொண்ணுக்குக் கணக்கே வரல. ஒன்ன மாதிரி சொல்லிக்குடுக்க இங்க ஆளில்லடி. வாரத்துல ஒரு நாளு போன்ல சொல்லித் தரியா?” அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். குரல் அப்படியேதான் இருந்தது. பதில் அனுப்பவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் செய்தது சரியில்லை என்றும் தெரியும்.

அந்த வாசிப்பறை இப்போது இல்லை. மாடியை இடித்துவிட்டார்கள். நூலகர் காலமாகிவிட்டார். தேர்வெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கறுப்பாக்க வட்டமும் இல்லை, திருப்பிவிட முதல் பக்கமும் இல்லை.

போன மாதம் தேர்வுக் கண்காணிப்புக்கு எனக்கு எந்த அறை என்று தமிழாசிரியை சொன்னார். “ஆறாம் நம்பர் ரூம் டீச்சர், காலையில ஒன்பதரைக்கு.” நன்றி சொல்லிவிட்டு, நேராகப் போய் அறிவிப்புப் பலகையில் என் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஆறாம் நம்பர். ஒன்பதரை. திரும்பினால் அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் டீச்சர், நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?” என்றார், சிரித்துக்கொண்டேதான்.

“இல்லங்க, சும்மாதான்” என்றேன்.