காலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியவள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றுவிடும். அடுப்பில் குக்கர் ஏறக் கூடாது. கூடுவாஞ்சேரியில் ரயில் பாதையை ஒட்டிய தெரு என்பதால் மின்சார ரயிலை மட்டும் எங்களால் நிறுத்த முடியவில்லை. அது பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நானும் தம்பியும் வியர்த்து வழிய, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் இருவரும் ஒரு சேனல் நடத்துகிறோம். சூப்பர் ஹீரோ தொடர்களில் புது எபிசோடு வந்ததும் பார்ப்போம். பார்க்கிற எங்கள் முகத்தைக் கேமரா பிடிக்கும், அதை மற்றவர்கள் பார்ப்பார்கள். அடுத்தவர் டிவி பார்ப்பதைப் பார்ப்பதற்கும் ஆள் இருக்கிறது என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் சத்தம் வராத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். பூண்டு உரிப்பாள், கீரை ஆய்வாள். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் தடவை பார்க்கும்போது என்ன முகமோ அதுதான் போகும். வெட்டக் கூடாது, மறுபடி நடிக்கக் கூடாது. சட்டம் போட்டது நான். நடிப்பைப் பார்க்க சினிமா இருக்கிறதே.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் ரயில். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. வெளியே போகும்போது தொடையிலிருந்து ஷூ வரைக்கும் காலிப்பர் போட்டுக்கொள்வேன். இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி, நடுவில் தோல் வார்கள். வீட்டில் கழற்றிவிடுவேன். இந்தக் காலோடு படித்தேன், வேலை வாங்கினேன், வீட்டுக்கு மேல் ஒரு மாடியும் எழுப்பினேன். கல்யாணம்தான் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று போனில் சொல்லுவார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அந்த மாப்பிள்ளைகளின் முகங்களை நினைத்தால் தப்பித்தோம் என்றுகூடத் தோன்றியது.

சிக்கல் எனக்கு இல்லை, தம்பிக்கு. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அவனோடு வேலை செய்யும் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரப்பாக்கத்துப் பெண், வாயாடி, எனக்கும் பிடிக்கும். இரண்டு வீட்டுக்கும் தெரியும், இரண்டு வீட்டிலும் சம்மதம். ஆனால் எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டில் இருக்கும்போது தம்பிக்குக் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அம்மா அதில் ஓர் அங்குலமும் இறங்கி வரவில்லை. அவனும் வாய் திறந்து கேட்டதில்லை. பெண் வீட்டாரோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை பிறப்பதற்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம்தான் அந்த எபிசோடும் வந்தது.

வெளிநாட்டுத் தொடர், தமிழில் டப்பிங் செய்து வந்துகொண்டிருந்தது. கதாநாயகி வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கையை நீட்டினால் எதிரே வருவது எதுவானாலும் அப்படியே நின்றுவிடும். லாரி, துப்பாக்கிக் குண்டு, கடல் அலை எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. அவளுக்கும் ஒரு கால் சூம்பல், அவளும் காலிப்பர் போட்டவள். இதைத் தேடிப் பிடித்து எனக்குக் காட்டியது தம்பிதான். முதல் எபிசோடிலேயே சண்டைக்குப் போகுமுன் அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, முழங்கால் வாரைத் தளர்த்தி, கணுக்கால் வாரை இறுக்கி, மறுபடி மேல் வாரை இழுத்துக் கட்டினாள். தினம் காலையில் நான் செய்வது அதேதான். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காலிப்பர் போட்டவள் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறவள் என்றே எல்லாரும் காட்டிக்கொண்டிருந்தபோது, இவள் அதைப் போட்டுக்கொண்டே ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எபிசோடு நன்றாகத்தான் ஆரம்பித்தது. வில்லன் அவளைக் கடலில் தள்ளினான். கடலுக்கு அடியில் ஒரு நீல வெளிச்சம். அது அவளைச் சுற்றியது, வயலின் அழுதது, என்ன வரப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கரை ஒதுங்கியவள் எழுந்தாள். கால் நேராக இருந்தது. அவள் குனிந்து வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், காலிப்பரை மணலில் போட்டாள், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே கரையோரம் ஓட ஆரம்பித்தாள்.

ஓடினாள் சரி. அந்தக் காலிப்பரை எடுத்து ஓரமாகவாவது வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அதற்கு அளவு கொடுக்க எத்தனை தடவை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்தக் கதை எழுதினவனுக்குத் தெரியுமா? பிறந்ததிலிருந்து சதையே இல்லாத கால் எழுந்த மாத்திரத்தில் எப்படி ஓடும்? எனக்கு அப்படித்தான் ஓடியது புத்தி.

பக்கத்தில் தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஆறடி ஆள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அக்கா, கால் சரியாப் பூட்ச்சுக்கா. நடக்குதுக்கா, ஓடுதுக்கா" என்றான் அடித்தொண்டையில்.

கதவு தடாரென்று திறந்தது. அம்மா நின்றாள். முந்தானையிலிருந்து பூண்டுத் தோல் தரையெல்லாம் கொட்டியது. அவள் டிவியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. நேரே என் காலைப் பார்த்தாள். அது பாயில் வழக்கம்போல மடங்கிக் கிடந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவளுக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளை அப்படிக் கத்தினால் வேறு என்ன தோன்றும்? அந்த ஒரு கணம் அவள் முழுசாக நம்பிவிட்டாள். பிறகு டிவியில் ஓடுகிறவளைப் பார்த்தாள். "டிவியா" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து பூண்டுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் குனிந்து கூடப் பொறுக்கினேன். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா போனதும் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம், நீயும் கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இரு, பார்ப்பவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்றேன். பிறகு, எதற்கு அழுதாய் என்று கேட்டேன். அவள் ஓடியபோது நான் ஓடுகிற மாதிரி இருந்தது என்றான். ரிமோட்டை எடுத்துக் கையில் உருட்டினான்.

"உனுக்குக் கால் சரியாச்சுன்னா எல்லாமே சரியாப் பூடும்னு தோணிச்சுக்கா."

எல்லாமே என்றால் எது என்று எனக்குத் தெரியாதா? அவன் மேல் கோபம் வந்தது. உடனே அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. என் கால் நேராகும், எனக்கு மாப்பிள்ளை கிடைப்பான், பிறகு தன் முறை வரும் என்று அவன் இத்தனை வருடமாக வரிசையில் நின்றிருக்கிறான். அந்த வரிசையோ நகரவே நகராது. அதை அவனிடம் சொல்லத்தான் யாரும் இல்லை. அந்த நிமிடத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என்ன ஆனாலும் சரி, தை பிறப்பதற்குள் இவனை அந்த வரிசையிலிருந்து இழுத்து வெளியே விடுவது.

முதலில் கேமராவைப் பார்த்துப் பேசினேன். இந்த எபிசோடு எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். காலிப்பரோடு அலையை நிறுத்தியவளுக்கு என்ன குறை என்று அதைக் கழற்றினீர்கள், இவ்வளவு நாள் அவள் செய்ததெல்லாம் அரைகுறையா என்று கேட்டேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். அன்று மாலை வீடியோவை ஏற்றும்போது எங்கள் சட்டத்தை நானே முதல்முறையாக மீறி, அம்மா கதவைத் திறந்ததிலிருந்து நானும் தம்பியும் பேசிக்கொண்டது வரைக்கும் வெட்டினேன். அந்த முகம் ஊருக்கு இல்லை. மற்றதெல்லாம் அப்படியே போனது. கமெண்டில் பாதிப் பேர் தம்பியோடு சேர்ந்து அழுதிருந்தார்கள். ஒருவர் எனக்கு வயிற்றெரிச்சல் என்று எழுதியிருந்தார். ஆமாம், எரிகிறது, மோர் கொடுத்தால் குடிக்கிறேன் என்று பதில் போட்டேன்.

மறுநாள் அம்மா திருவிடந்தைக்குப் போகலாம் என்றாள். கல்யாணம் ஆகாதவர்கள் போகிற பெருமாள் கோயில். இரண்டு மாலை வாங்கிப் போக வேண்டும். ஒன்று பெருமாளுக்கு, இன்னொன்றை அர்ச்சனை செய்து திருப்பித் தருவார்கள். யாருக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமோ அவர்கள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். எனக்காக ஏற்கெனவே ஒருமுறை போயாகிவிட்டது. அந்த மாலை பூஜை அலமாரியில் தொங்கித் தொங்கி நாராகிவிட்டது. மறுபடி கூப்பிட்டபோதெல்லாம் நான் சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை சரி என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பியும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறிப் போனோம். கோயில் வாசலில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றினேன். ஷூவோடு சேர்ந்தது என்பதால் அதை உள்ளே போட்டுக்கொண்டு போக முடியாது. அது இல்லாவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் இடது தொடையைக் கையால் அழுத்திக் குனிந்து குனிந்துதான் நடப்பேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு யாருக்குப் பிரார்த்தனை என்று கேட்டார். அம்மா வாயெடுக்குமுன் நான் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் விடவில்லை, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். பட்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்த மாலையை வாங்கித் தம்பியிடம் நீட்டினேன். அவன் பின்னால் நகர்ந்தான்.

"நீ கீறப்போ நான் எப்டிக்கா போடுவேன்?"

"நான் கீறேன், எங்கியும் போவல. எனுக்கு வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். இந்தக் கால் இப்டியேதான் இருக்கும்டா. அது நேராவும்னு நீ நின்னுகினு இருந்தா, அந்தப் பொண்ணு நிக்காது."

அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். ஊர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீயும் கூட நடந்தால் போடுகிறேன் என்றான் தம்பி. சரி என்றேன். அவன் தலையைக் குனிந்தான், நான் போட்டேன்.

முதல் சுற்றில் என் தோளைப் பிடித்துக்கொண்டு என் வேகத்துக்கே நடந்தான். இப்படி நடந்தால் தை மாதம் இங்கேயே பிறந்துவிடும், நீ உன் வேகத்துக்கு நட என்று விரட்டினேன். தயங்கித் தயங்கிப் போனான். பிறகு நிஜமாகவே நடந்தான். என்னைத் தாண்டிப் போவான், சுற்றிக்கொண்டு மறுபடி பின்னால் வந்து தாண்டுவான். தாண்டும்போதெல்லாம் அவன் கழுத்து மாலை என் தோளில் உரசும். எனக்கு உள்ளங்கை காந்தியது, தொடை வலித்தது. நிற்கவில்லை. அவன் ஒன்பதையும் முடித்துக் கொடிமரத்தருகே நின்றபோது நான் பாதிகூட வந்திருக்கவில்லை. போதும் வந்துவிடு என்று கை காட்டினான். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

மேலே எத்தனை சுற்று போனேன் என்று தெரியாது. யாரோ பக்கத்தில் வருவது தெரிந்து திரும்பினால் அம்மா. என் கையைப் பிடிக்கவில்லை. என் வேகத்துக்குச் சரியாக ஓரடி பக்கவாட்டில் நடந்து வந்தாள்.

எதிரே வந்த ஒரு பெண், பாவம் பார்க்கிற முகத்தோடு நின்றார். கவலைப்படாதீர்கள், பெருமாள் பார்த்துக்கொள்வார், கால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னார். இப்படிச் சொல்கிறவர்களிடம் அம்மா எப்போதும் கண் கலங்கி, உங்கள் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் என்று கும்பிடுவாள். நானும் அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

"அவ காலுக்கு இன்னாம்மா? நல்லாத்தான் கீது" என்றாள் அம்மா. "எம் பையனுக்குக் கல்யாணம். அதுக்கு வந்துகீறோம்."

சொல்லிவிட்டு, நான் அடுத்த அடி வைப்பதற்காகக் காத்து நின்றாள்.