உள்பக்கம் பார்க்கும் றாபியா

யார் வீட்டுக்கு வந்தாலும் தையல்காரி றாபியாவின் கை முதலில் அவர்கள் உடுத்தியிருக்கும் துணியின் ஓரத்துக்குத்தான் போகும். புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்த பிறகுதான் "இரிங்க" என்பாள். சாய்ந்தமருதில் இதற்குக் கூச்சப்படுவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். சம்பந்தம் பேச வந்த ஒரு வீட்டாரின் முக்காட்டு ஓரத்தைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. "வெளிப்பக்கம் வடிவாத்தான் இரிக்கும். உள்பக்கத்தக் காட்டுங்க" என்பாள். "என்ட சாரனக்கூட நிம்மதியாக் கட்ட உடுறாளில்ல" என்று கரைவலை இழுத்து மீன்பிடிக்கப் போகும் அவளுடைய கணவர் மீராமுகைதீன் கடற்கரையில் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் இரண்டே இரண்டு தடவை உள்பக்கம் பார்க்காமல் விட்டிருக்கிறாள். அதுவும் ஒரே நாளில். எப்படி விட்டாள் என்பது ஊருக்கே அதிசயம்.

எண்பத்திரண்டில், கல்முனை பஸார்க் கடையொன்றிலிருந்து மாதத் தவணைக்கு எடுத்த தையல் மெசின் வீட்டுக்கு வந்த நாள் அது. கடைக்காகத் தவணை சேர்க்கும் செல்லத்தம்பிதான் அதைக் கொண்டுவந்து இறக்கினான். பாண்டிருப்புக்காரன், நான்கு பிள்ளைகளின் தகப்பன், பேச்சும் சாப்பாடும் பிடித்தவன், இங்கிலீசும் கொஞ்சம் வாசிப்பான். அவன் நீட்டிய ஒப்பந்தத் தாளில் காட்டிய இடத்தில் றாபியா கையெழுத்து வைத்தாள். தாளைப் புரட்டிப் பார்க்கவில்லை.

புது மெசினின் முதல் தையல் குர்ஆனுக்கு உறையாக வேண்டும் என்பது அவளுடைய உம்மாவிடமிருந்து வந்த வழக்கம். செல்லத்தம்பியை உட்காரவைத்து வட்டிலப்பம் கொடுத்துவிட்டு, பச்சைத் துணியில் உறை தைத்தாள். அன்றைய தேதியை வெள்ளை நூலால் ஓரத்தில் போட்டாள். தைக்கும்போதே மெசினின் சத்தம் இரண்டு மூன்று இடத்தில் இடறியது காதில் விழத்தான் செய்தது. ஆனால் குர்ஆனுக்குப் போகிற துணியைப் புரட்டிக் குறை தேட அவளுக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் சல்மா உம்மாவிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அந்த மெசின் பாடாய்ப் படுத்தியது. ஒரு சாண் ஓடினால் ஒரு தையலை விழுங்கிவிடும். ஒரு மணப்பெண்ணின் சட்டை, விருந்து முடியும் முன்பே கக்கத்தில் பிரிந்தது. பெருநாள் துணிகளைத் தந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இருபது வருடத்துப் பெயர் இரண்டு மாதத்தில் கெட்டது.

கடை மனேஜர் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீசு. "எல்லாம் சரியாயிரிக்கி எண்டு பாத்துத்தான் எடுத்தன் எண்டு கையெழுத்து வெச்சிரிக்கீங்க. பழுது பிறகு வந்தது, உங்கட மிதியால. தவணை நிண்டா மெசினத் தூக்கிருவம்."

மெசினைத் தூக்குவதாகச் சொன்னதைவிட, தன் மிதியைக் குறை சொன்னதுதான் றாபியாவைச் சுட்டது. தவணையை நிறுத்தவில்லை. மாதாமாதம் வரும் செல்லத்தம்பியிடம் பணத்தோடு, தையல் விட்டுப்போன துணித்துண்டு ஒன்றையும் கொடுத்தாள். "இதையும் சேத்துக் குடுங்க தம்பி." மனேஜர் அவற்றை வாங்கி மேசை துடைத்துக்கொண்டார்.

ஏழாம் மாதத் துண்டைக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு அந்த உறை நினைவுக்கு வந்தது. கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு சல்மா உம்மாவிடம் போனாள். பிஸ்மி சொல்லி உறையைப் புரட்டினாள். சாணுக்கொரு இடைவெளி, பக்கத்திலேயே தேதி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் கடையில் மனேஜர் உறையைப் பார்த்துச் சிரித்தார். "நேத்துத் தைச்சிட்டுப் பழைய தேதி போட்டா ஆருக்குத் தெரியும்?"

றாபியா, ரசீதுப் புத்தகத்தோடு ஓரமாக நின்ற செல்லத்தம்பியைப் பார்த்தாள். அவன் மனேஜரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மெசின் இறக்கின அண்டைக்கு, நான் பாத்துக்கொண்டிருக்கத்தான் றாபியா ராத்தா இதத் தைச்சவ, ஐயா. வட்டிலப்பம் திண்டிட்டுத்தான் வந்தன். வேதத்துக்குப் போட்ட துணியில அவ பொய்த் தேதி போடமாட்டா."

தவணை கட்ட வந்த நாலைந்து பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனேஜர் அவர்களைப் பார்த்தார். உறையை மடித்து அவளிடமே கொடுத்தார். உள்ளேயிருந்து வேறு மெசின் வந்தது. றாபியா அங்கேயே ஒரு முழத் துணி தைத்து, புரட்டிப் பார்த்து, தலையாட்டினாள்.

"அப்ப இதில ஒரு கையெழுத்து" என்று மனேஜர் புதுத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

றாபியா பேனாவை மேசையில் வைத்தாள். தாளைப் புரட்டி, பொடி எழுத்தின் மேல் தையலைத் தடவுவதுபோல விரலை ஓட்டினாள். பிறகு அதைச் செல்லத்தம்பியின் பக்கம் நகர்த்திவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாசிங்க தம்பி. அவசரமில்ல, ஆறுதலா."