வலிக்கு நான் போட்ட மார்க்கு

இடது முட்டியை ஆபரேஷன் செய்து மாற்றியபோது போட்ட வீரியமான வலி ஊசி என்னை இரண்டு நாள் ஆட்டி வைத்தது. வாந்தி ஒருபக்கம். சம்பந்தி வீட்டார் பார்க்க வந்திருந்த நேரத்தில், செத்துப்போன என் வீட்டுக்காரரோடு சத்தமாகச் சண்டையும் போட்டேனாம். பனியன் கம்பெனியில் முப்பது வருசம், துணியில் ஓட்டை தேடும் செக்கிங்கில் தலை நிமிர்ந்து நின்றவள் நான்.

அதனால் வலது முட்டிக்குப் போனபோது மயக்க டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "வலிச்சாலும் பரவாயில்லீங்க. அந்த ஊசி வேண்டாங்க."

"அது ஒண்ணு செய்யற வேலைய நாலஞ்சு மருந்துக்குப் பிரிச்சுக் குடுத்தரலாங்கம்மா. தாங்க முடியலீன்னாத்தான் அந்த ஊசி. ஆனா வலிய மறைக்காமச் சொல்லோணுங்க."

ஆபரேஷன் அன்று முதுகில் ஓர் ஊசி, தொடையில் ஒன்று, கையில் சொட்டுச் சொட்டாக ஏதோ. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. எலும்பைத் தட்டுகிற சத்தம், அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் யாரோ பாத்திரம் தட்டுவதுபோல எங்கோ கேட்டது. கண் சொக்க, விளக்கிலிருந்து வெள்ளைத் துணி இறங்கிக்கொண்டே இருந்தது. சாயமேறாத துணி, எடையே இல்லாமல். ஓட்டை தேடிப் பார்த்தேன். பிறகு தேடுவதையும் விட்டுவிட்டேன். தேடாமல் படுத்திருப்பது இத்தனை சுகமென்று அதுவரை தெரியாது.

விழித்தபோது ஜன்னலில் மதிய வெயில். தலை தெளிவாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நர்சுப் பெண் வந்தாள்.

"வலி எப்படி இருக்கு பாட்டி? பத்துக்கு எத்தன போடுவிய?"

கம்பெனிக்கு ஆடிட் வருகிறவர்கள் என் டேபிளுக்கு முழு மார்க்குப் போட்டுத்தான் போவார்கள். இந்த மருந்துக்கு நான் குறைக்கலாமா?

"பத்துக்குப் பத்து, கண்ணு."

முகம் மாறி ஓடினாள். வரும்போது கையில் சிரிஞ்சு.

"என்ன கண்ணு அது?"

"நீங்க வேண்டாம்னு சொன்ன ஊசிதான். பத்துன்னா தாங்க முடியாதுல்லா?"

"நல்லா இருக்குதுன்னுதானே பத்து போட்டேன்."

பக்கத்துக் கட்டில் காங்கேயத்தம்மாள் தையல் பிரிகிற மாதிரிச் சிரித்தாள். "மார்க்குல கஞ்சத்தனம் இல்லாத ஆளுங்க நீங்க."

நர்சு சிரிக்கவில்லை. "வலியே இல்லன்னா சைபர் பாட்டி. நெசத்தச் சொல்லுங்க."

சைபர் என்று வாய்வரை வந்தது. மூன்று பிள்ளை பெற்றபோதும் நான் முனகியதில்லை. ஆனால் முட்டிக்குள் மெல்ல ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. மறைத்தால் அது பெருகி, அந்த ஊசியில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

"நாலு," என்றேன். வலியை ஒருவரிடம் உள்ளபடி நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சிரிஞ்சை எடுத்துப் போய்விட்டு, இரண்டு மாத்திரையும் ஐஸ் பையும் கொண்டுவந்தாள். குளிர் மெதுவாக இறங்கியது. சாயங்காலம் வாக்கரைப் பிடித்து வராந்தாவரை நடந்தேன். பின்னாலேயே வந்தாள்.

அவள் வாயைத் திறக்குமுன், "இப்ப அஞ்சு, கண்ணு," என்றேன்.