பாலில் போடாத உப்பு

ஏழாம் மாதம் தொடங்கும்போதே எங்கள் மகள் பிறந்துவிட்டாள். மனைவிக்கு ரத்தக் கொதிப்பு தலைக்கேறி, அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அவள் பிழைத்ததே பெரிது. பால் சுரக்கவில்லை. மலைக்குக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரியில், மூக்கில் செருகிய குழாய் வழியே டின் பால் குடித்துத்தான் குழந்தை வளர்ந்தாள். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். அந்த வார்டில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது.

"பிள்ளைக்கு எலும்புல தாது உப்பு கம்மியா இருக்கு, அப்பா. வயித்துல கடைசி மாசங்கள்லதான் அது அம்மாகிட்டருந்து எலும்புக்குப் போகும். இவ முந்திக்கிட்டா. அதனால எலும்பு மெலிசு."

குறைமாதப் பிள்ளைக்கென்று தனிப் பால்மாவு, பாஸ்பேட் மருந்து, இரும்புச் சத்துச் சொட்டு எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

"டின்னுலயே எல்லாம் இருக்குன்னு போட்டிருக்கே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கு. இவளுக்கு அது பத்தல."

ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் இறங்கியிருந்தது கெட்டதாம். இன்னொன்று ஏறியிருந்ததும் கெட்டதாம். ஏற வேண்டியது எது, இறங்க வேண்டியது எது என்று மலையேறும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு மாறிப்போயிற்று. நெஞ்சில் தங்கியது ஒன்றுதான்: காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, உடம்பைப் பிடித்துவிடக் கூடாது, எலும்பு முறியலாம்.

வீட்டில் என் அக்கா காத்திருந்தாள். மலைமேலேயே பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்ட வேலை அவளுக்கு. பிள்ளையைக் குளிப்பாட்டவே லீவு போட்டு வந்திருந்தாள். சுடவைத்த எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் தேய்க்கக் கூடாதாம்க்கா. எலும்பு உடைஞ்சிருமாம்."

"யாருடா சொன்னா? தேச்சாத்தானே எலும்பு உரமேறும்?"

"உப்பு கம்மியாம்."

"உப்பா? பால்ல ஒரு சிட்டிகை போட்டாப் போச்சு லா! இதுக்கா இத்தனை மருந்து?"

சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் உப்பு என்றுதானே சொன்னார்? உப்பு அடுப்படியில்தானே இருக்கிறது?

"பால்ல ஏதாச்சும் போட்டீங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி. சற்று நேரம் கழித்து அவளே மெதுவாகக் கேட்டாள்: "அது வேற உப்புதானேங்க?"

வெளியே போய் வார்டுக்கு போன் போட்டேன். எடுத்தது மலாய்க்கார நர்ஸ். பாலில் 'காராம்', அதாவது உப்பு, போடலாமா என்று கேட்டேன்.

"ஜாங்கான், என்சிக்! ஜாங்கான்!" வேண்டவே வேண்டாம் ஐயா என்று அலறிவிட்டு, போனை டாக்டரிடம் கொடுத்தார்.

"நான் சொன்னது சமையல் உப்பு இல்லப்பா. அது உள்ள போனா பிள்ளை உயிருக்கே ஆபத்து. கால்சியம், பாஸ்பேட் இதெல்லாம்தான் நான் சொன்னது. தப்பு என் பேர்லதான். இனிமே யார்கிட்டயும் உப்புன்னே சொல்லமாட்டேன்."

உள்ளே வந்து சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எண்ணெயை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டினாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் என்னதான்டா செய்யட்டும்?"

மனைவி குழந்தையைத் தலையணையோடு அவள் மடியில் வைத்தாள். இந்த லயத்து வரிசை வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள், "கையை எங்க வைக்கணும்மா?" என்று கேட்டாள். "அடியில கொடுத்து, மொத்தமா ஏந்திக்குங்க அண்ணி" என்று மனைவி காட்டிக்கொடுத்தாள்.

இரும்புச் சொட்டால் மலம் கறுத்தபோது பயந்தோம். அது அப்படித்தான் போகும் என்றார்கள். சில மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாஸ்பேட்டை நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

"நல்லதுன்னுதானே குடுத்தீங்க. ஏன் நிறுத்தணும்?"

"கூடினாலும் கெடுதல்தான்ப்பா."

தலையாட்டினேன். மலையேறி வீடு சேர்வதற்குள் மறுபடி குழம்பிவிட்டேன்.

இன்னும் பல மாதம் கழித்து ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மகள் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓடிப்போய் உட்கார வைத்தேன். அவள் மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன்.

"விடுங்க, நிக்கட்டும்" என்றாள் மனைவி.

"எலும்பு?"

"அவதானே நிக்கிறா. அவளுக்குத் தெரியும்."

எந்த மருந்து எதைச் செய்தது என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் நின்றாள். முழங்கால் ஆடியது. நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.