பொட்டு வைத்த கண்ணாடி

ஜீப்பின் முன்கண்ணாடியில் கல்லடி பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இன்றைக்கு யார் கேட்டாலும் கடகடவென்று சொல்வேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

எங்கள் மலையில், வாழவந்தி ரோட்டில் முன்னால் போன லாரியின் டயரிலிருந்து தெறித்த கல் அது. முன்கண்ணாடியில் என் பக்கமாக மிளகளவு சில்லு பெயர்ந்திருந்தது. கூட வந்த என் மனைவி, வீடு சேர்ந்ததும் அதன்மேல் டேப்பை ஒட்டினாள்.

"ஏனுங்க, தண்ணியும் தூசியும் உள்ள போயிரும். நாளைக்கே சேலம் கொண்டுட்டுப் போய்க் காட்டுங்க."

"அட போ புள்ள, மொளகுத் தண்டி ஓட்டைக்குச் சேலமா?" என்று சிரித்தேன். புத்தி சொன்னால் கேட்கிற ஆளா நான்?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகு என் மகா மூளை வேலை செய்தது. சந்தனத்தைக் குழைத்துச் சரியாக அந்தச் சில்லின்மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். காயமும் மறைந்தது, பூஜையும் ஆயிற்று. அவள் பார்த்துவிட்டு, நான் எறிந்த டேப்பைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மார்கழியில் அவளுடைய தம்பி போன் செய்தான். அவர்கள் அப்பாவின் காரியத்தில் வந்த சண்டைக்குப் பிறகு மூன்று வருடமாக அக்காவும் தம்பியும் பேசியதில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறானாம். "நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு ரயிலு. சேலம் ஜங்ஷனுக்கு வந்துரு அக்கா, ஒருக்காப் பாத்துட்டுப் போறேன்" என்றானாம். அன்று முழுக்க அவள் கால் தரையில் நிற்கவில்லை. காப்பிக்கொட்டை வறுத்தாள், மிளகைப் பொட்டலம் கட்டினாள்.

"மொத பஸ்ஸுக்கே போயிரலாமுங்க" என்றாள்.

"ஜீப்ப வெச்சுக்கிட்டு பஸ்ஸா? ஒரு மணி நேரத்துல கொண்டு போய் நிறுத்தறேன்."

விடிந்தபோது கண்ணாடி முழுக்கப் பனி. அவசரத்தில் அடுப்பிலிருந்த வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சில்லு பெயர்ந்த இடத்திலிருந்து விரிசல் கிளம்பி, என் கண்முன்னே கிளைவிட்டு ஓடியது. அப்படியும் வீம்பு விடவில்லை, ஓட்டினேன். மூடுபனிக்குள் எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் விரிசல்களில் பட்டுச் சிதற, வழியே தெரியவில்லை. இரண்டாவது வளைவிலேயே ஓரங்கட்டினேன். முதல் பஸ் எப்போதோ போயிருந்தது. போனில் சிக்னலும் இல்லை.

அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பியிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றபடி அவனுக்குப் போன் செய்தாள். "வர மனசில்லீனா சொல்லியிருக்கலாமுல்லக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதன்பின் அவன் எடுக்கவேயில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் கண்ணாடி மாற்றியவர் தலையில் அடித்துக்கொண்டார். "டேப்போட அன்னைக்கே வந்திருந்தா அரை மணி நேர வேலைங்க. பசைய உள்ள எறக்கி அடைச்சிருப்பேன். சோப்பும் சந்தனமும் ஏறுன பொறவு பசை எங்கீங்க புடிக்கும்? குளுந்த கண்ணாடில சுடுதண்ணி வேற!" வெயிலில் காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீரும் ஆகாதாம். அவள் ஒட்டிய டேப்தான் சரியான வைத்தியமாம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது ஜீப்பில் ஒரு டேப் சுருள் எப்போதும் கிடக்கிறது. போன வாரம் அவள் சேலத்துக்குக் கிளம்பினாள். "வண்டி சும்மாதான நிக்குது, வா, கொண்டு போய் உடறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. கோபமே இல்லை அவள் குரலில். "மொத பஸ்ஸு நேரத்துக்குப் போயிருமுங்க."