தப்பு செய்தவர் எண்ண வேண்டும்

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் அரங்கத்து எலக்ட்ரீஷியன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவன்.

அங்கே மாணவர்களே நடத்திய இசைக்குழுவுக்கு ஒரு பெண் பொறுப்பு. ஒல்லி உருவம், பெரிய கண்ணாடி. பேசும்போதும் விரல்கள் கைப்பையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். குழுவுக்கு வாத்தியார் கிடையாது. கல்லூரிப் பேருந்து கிளம்புவதற்குள் கிடைக்கும் முக்கால் மணி நேரந்தான் பயிற்சி. அவர்களுக்குள் ஒரு சட்டம்: நேற்று பாட்டைக் கெடுத்தவர்தான் இன்று ஒன்று, இரண்டு என்று நாலு வரை எண்ணித் தொடங்கிவைக்க வேண்டும்.

ஆண்டு விழா ஒத்திகையில், முதல்வர் முன்வரிசையில் இருக்கும்போது, நான் தவறான சுவிட்சை அணைத்துவிட்டேன். மைக், கீபோர்டு எல்லாம் செத்துப்போயின. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதல்வர் நினைத்தார்; என் வேலை என்று குழுவுக்குத் தெரியும். புகார் போகும், வேலை போகும் என்று மறுநாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணா, இன்னைக்கு நீங்கதான் எண்ணணும்."

"இன்னாம்மா, வெளையாடுறியா? எனக்குப் பாட்டே தெரியாது."

"நாலு வரைக்கும் தெரியுமில்ல?"

டிரம்ஸ் பையன் கத்தினான்: "வாண்ணா! மூணு நாளா நானே எண்ணிக்கினு கீறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன், "ஆபீஸ்ல சொல்லிட்டியாம்மா?"

"எதுக்குண்ணா? எண்ணிட்டீங்கன்னா முடிஞ்சிது."

எண்ணினேன். நாலு என்றதும் அத்தனை பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

அவள் படித்து முடித்துப் போய்விட்டாள். திட்டாமல் ஒருவனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள அந்த வயதில் எப்படித் தெரிந்ததோ! இப்போதும் சுவிட்சில் கை வைக்கும்முன் வாய் தானாக நாலு வரை எண்ணுகிறது.