பெரியவர் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை

மறைக்கல்வி டீச்சர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நம்மை யாரும் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைபிள் சொல்லித்தருகிறேன். காப்பிகூடக் குடிக்காமல் வந்து நின்று, தாவீது ராஜா செய்த காரியத்தைப் பிள்ளைகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று முழித்த டீச்சர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாடியில் நின்றது யார்?

இன்னொருவன் மனைவியான பத்சேபாவை தாவீது ஆளனுப்பி அரண்மனைக்கு வரவழைத்த பாடம். வகுப்பில் உதவிக்கு வந்திருந்த ஒரு அம்மா, "பொம்பள மாடியில குளிச்சா ராஜா என்ன பண்ணுவாரு?" என்றார். இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாணவி பைபிளைப் பிரித்துப் பார்த்து, மாடியில் நின்றது ராஜாதான், அவள் எங்கே குளித்தாள் என்று போடவே இல்லை என்றாள்.

அந்த அம்மா விடுவதாக இல்லை. கூப்பிட்டால் போய்விடுவதா, வரமாட்டேன் என்று சொன்னால் என்ன என்று கேட்டார். அதற்கும் அந்த மாணவியே பதில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம வேலைக்கு வான்னு சூப்பர்வைசர் கூப்பிட்டாவே எங்கம்மாவால மாட்டேன்னு சொல்ல முடியல ஆன்ட்டி. இவரு ராஜா."

தானியேல்கள் வரிசையில்

கோயில் திருவிழா நாடகத்துக்கு சூசன்னா கதையை எடுத்தேன். ஊருக்கு நீதி சொல்லும் இரண்டு பெரியவர்கள், தோட்டத்தில் தனியாக இருந்த சூசன்னாவை மிரட்டுகிறார்கள். அவள் இணங்காததால் அவள்மேலேயே பழி போடுகிறார்கள். இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியாக விசாரித்துப் பொய்யைப் பிடிக்கிறான்.

தானியேல் வேஷத்துக்கு வரிசையில் நின்றார்கள். பெரியவர் வேஷத்துக்கு ஒருவரும் இல்லை. எங்கள் பங்கில் குழந்தைகளை வெட்டிய ஏரோதாக நடிக்க வருஷா வருஷம் அடிதடி, யூதாசுக்குக்கூட ஆள் உண்டு. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவருக்குச் சொந்தத் தாடியே இருந்ததால் அவரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "அந்த வேஷம் போட்டுட்டு நாளைக்குப் பேரவையில எப்படிம்மா உக்கார்றது? தானியேல சிங்கக் குகையில போடற கதைய எடுங்க. சிங்கத்துக்கு நான் ஆள் தரேன்."

மூச்சுப் பயிற்சி

கடைசியில் பெண்பிள்ளைகளே பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு பெரியவர்கள் ஆனார்கள். சூசன்னாவாக நடித்தவள் ஜான்சி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், கோயில் பாடகர் குழுவில் நல்ல குரல் அவளுடையதுதான். ஒத்திகை முடிந்து நான் தாடிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் பாட வரமாட்டேன் என்றாள்.

குழுவை நடத்துகிறவர் பிரான்சில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். முசியே என்றுதான் எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவோம். தனிப்பாட்டுக்குப் பயிற்சி என்று இவளை மட்டும் பாட்டு அறைக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு இடுப்பில் கை வைக்கிறாராம். கையை எடுங்கள் என்று சொல்லியும் எடுக்கவில்லை. நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூச்சு எங்கேருந்து வரணும்னு காட்டறாராம் டீச்சர். எனக்கு மூச்சே வரல."

அவசர மன்னிப்பு

ஜான்சியின் சம்மதத்தோடு பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் பேரவையைக் கூட்டினார். ஜான்சியும், தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அவள் அம்மா மரியாவும் வந்தார்கள். முசியே வரவில்லை, அவருடைய நன்கொடைகள் எல்லாம் வந்தன. கீபோர்டு அவர் கொடுத்தது, பாட்டு அறை மின்விசிறி அவர் உபயம். அவரை அனுப்பிவிட்டால் கிறிஸ்துமஸுக்கு யார் வாசிப்பது என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். பாடுகிற பெண்ணைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

தானியேல் செய்ததையே நாமும் செய்யலாம் என்றேன். குழுவிலிருந்த மற்றப் பெண்களை ஒரு கன்னியாஸ்திரி தனித்தனியாக விசாரித்தார். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அதே அறை, அதே மூச்சுப் பயிற்சி. துணைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் ஆண்டவர் என்று ஆரம்பித்தார். மரியா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாமியாரைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிக்கிறது என் பொண்ணு இஷ்டம் சாமி, அவ மெதுவா பண்ணட்டும். நீங்க மொதல்ல அந்தாளுகிட்டருந்து ரூம் சாவிய வாங்குங்க."

சனிக்கிழமைப் பாட்டு

சாமியார் அன்றைக்கே சாவியை வாங்கினார். மறுநாள் புகார் கொடுக்க ஜான்சியோடும் மரியாவோடும் மகளிர் காவல் நிலையத்துக்குத் தானும் போனார். முசியே கீபோர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மின்விசிறியையும் கழற்றச் சொன்னாராம், ஏணி கிடைக்கவில்லை.

வாத்தியம் இல்லாத முதல் சனிக்கிழமை ஒத்திகை மகா கொடுமை. ஆளுக்கொரு சுருதியில் தொடங்கி, வேறு வேறு இடத்தில் முடித்தார்கள். ஆனால் வருவதையே நிறுத்தியிருந்த பெண்கள்கூட வந்திருந்தார்கள், ஜான்சி முன்னால் நின்று தாளம் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவோடு போன துணைத்தலைவர் உள்ளே வந்து, சத்தம் முக்குவரைக்கும் கேட்கிறது, ஒரு ஒழுங்குமுறை வேண்டாமா என்று கடிந்துகொண்டார். ஜான்சி தாளத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "இப்பல்லாம் கதவத் தொறந்து வச்சுதான் பாடறோம் சார். அதான் கேக்குது."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் தெரிந்துகொண்டது, எங்கள் பங்கில் மன்னிக்க எப்போதும் ஆள் உண்டு, சாவியைக் கேட்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.